தெருமுனைத் துப்பாக்கிச் சூடு: அக்கம்பக்கத்தார் கூடினால் என்ன பேச வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். ஃபிலடெல்ஃபியாவின் மேற்குப் பகுதிக்கு நீங்கள் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் உங்கள் தெருமுனையில் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். அவனுக்காக வைத்த மெழுகுவத்திகளும் பொம்மைக் கரடிகளும் இன்னும் விளக்குக் கம்பத்தடியில் கிடக்கின்றன. உங்கள் தெருவின் பொதுக் காரியங்களுக்குப் பொறுப்பான பிளாக் கேப்டன் அம்மா வீடு வீடாக வந்து, செவ்வாய்க்கிழமை மாலை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம் என்று சொல்லிச் சென்றிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்த நாம் அங்கே போய் என்ன பேசுவது, பேசினால் துப்பாக்கி நின்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். இதே நகரத்தில் பதினேழு ஆண்டுகளாக இப்படிப்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பேச்சு உயிரைக் காத்ததும் உண்டு, பேசிப் பேசியே மாதங்கள் வீணானதும் உண்டு. வேறுபாடு எங்கே என்றால், கூட்டம் எந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது என்பதில்தான். யாரை இந்தத் தெருவிலிருந்து விரட்டுவது என்று தொடங்கிய கூட்டங்கள் பெரும்பாலும் கேமராவிலும் காவல்துறைக்குக் கொடுக்கும் மனுவிலும் முடிந்துபோயின. அடுத்துச் சாகக்கூடிய பிள்ளை யார், எந்த மூலையில், அவனிடம் போய்ப் பேசக்கூடியவர் நம்மில் யார் என்று தொடங்கிய கூட்டங்களிலிருந்துதான் உருப்படியான வேலை பிறந்தது.

இரண்டாவது கேள்வியைக் கேட்க முடிவதற்குக் காரணம், துப்பாக்கி வன்முறை ஒரு பகுதி முழுவதும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை என்பது. பாஸ்டன் நகரத்தில் 1990-களின் நடுவில் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவலர்களையும், நன்னடத்தைக் கண்காணிப்பு அலுவலர்களையும், தெருவில் வேலை செய்யும் இளைஞர் பணியாளர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, எந்தக் கொலை எந்தக் குழுவின் பகையால் நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்தார்கள். 61 குழுக்கள், அவற்றில் சுமார் 1,300 பேர், அதாவது நகரத்து இளைஞர்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவர்கள், இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 விழுக்காட்டோடு தொடர்புடையவர்களாக இருந்தார்கள். அவர்கள் கொன்றவர்கள் மட்டுமல்லர், கொல்லப்பட்டவர்களும் அவர்களே. இடத்தைப் பொறுத்தும் இதே கதைதான்: அந்நகரில் 1980 முதல் 2008 வரை நடந்த துப்பாக்கிச் சூடுகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, தெருத் துண்டுகளிலும் சந்திப்புகளிலும் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவானவற்றில் நடந்திருக்கின்றன. உங்கள் பகுதியை ஒட்டுமொத்தமாக ஆபத்தான பகுதி என்று சொல்லும்போது அங்கே அமைதியாக வாழும் ஆயிரக்கணக்கானவர்களை அவமதிக்கிறோம். அதோடு, உதவி போய்ச் சேர வேண்டிய நாற்பது ஐம்பது பேரையும் பார்வையிலிருந்து தவறவிட்டுவிடுகிறோம்.

பாஸ்டனைப் பற்றிப் பேசுகிறவர்கள், சுடுவதை நிறுத்தினால் உதவி, நிறுத்தாவிட்டால் கடும் நடவடிக்கை என்று இக்குழுக்களிடம் காவல்துறையும் சமூகப் பணியாளர்களும் நேரில் சொன்ன, 1996-இல் தொடங்கிய ‘ஆபரேஷன் சீஸ்ஃபயர்’ திட்டத்தையும், அதன்பின் மாதாந்தர இளைஞர் கொலைகள் 63 விழுக்காடு குறைந்ததையும் சொல்வார்கள். அக்கம்பக்கத்தார் கூட்டத்துக்குப் போகும் உங்களுக்கு அதற்கு முந்தைய கதைதான் முக்கியம். 1989-இல் ஒரு வெள்ளையர் தம் கர்ப்பிணி மனைவியைத் தாமே சுட்டுக் கொன்றுவிட்டு, சுட்டவன் ஒரு கறுப்பினத்தவன் என்று சொல்ல, காவல்துறை அதை நம்பி மிஷன் ஹில் பகுதியில் கறுப்பின இளைஞர்களை வழிமறித்து, உடுப்பைக் களையச் சொல்லிச் சோதனையிட்டது. அந்த அவமானத்துக்குப் பிறகு அப்பகுதி மக்களுக்கும் காவல்துறைக்கும் இடையில் பேச்சுவார்த்தையே இல்லை எனலாம். 1992 மே மாதம், சுடப்பட்டு இறந்த ஓர் இளைஞனின் இறுதி வழிபாடு நடந்துகொண்டிருந்த மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குள் ஒரு கும்பல் புகுந்து, வந்திருந்த ஒரு பையனை எல்லோர் கண்ணெதிரிலும் தாக்கிக் கத்தியால் குத்தியது. பகை கோயிலுக்குள்ளேயே வந்துவிட்டது. அப்படியானால் நாம் இதுவரை வெளியே போகவில்லை என்றுதான் பொருள் என்று அங்கிருந்த போதகர்கள் உணர்ந்தார்கள். யூஜின் ரிவர்ஸ், ரே ஹம்மண்ட், ஜெஃப்ரி பிரவுன் முதலியோர் சேர்ந்து ‘டென்பாயிண்ட் கோயலிஷன்’ என்ற கூட்டமைப்பை உருவாக்கி, வெள்ளிக்கிழமை இரவுகளில் நள்ளிரவு தாண்டித் தெருக்களில் நடக்கத் தொடங்கினார்கள்.

முதல் சில வாரங்கள் எந்தப் பையனும் அவர்களோடு பேசவில்லை. இரண்டு வாரம் வந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள். மழையிலும் குளிரிலும் இவர்கள் திரும்பத் திரும்ப வந்த பிறகுதான் பேச்சு தொடங்கியது. அப்போதும் போதகர்கள் பிரசங்கம் செய்யாமல் காது கொடுத்துக் கேட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துக் காவல்துறையோடு சேர்ந்து வேலை செய்ய அவர்கள் ஒத்துக்கொண்டபோது, அந்தத் திட்டத்துக்கு மக்களிடம் ஒரு நம்பகத்தன்மை கிடைத்தது என்றால், அது இந்த நடையால் கிடைத்தது. திட்டத்தின் பெயரையும் கெடுபிடியையும் மட்டும் எடுத்துக்கொண்டு நடையை விட்டுவிட்ட நகரங்களில் அதே பலன் கிடைக்காததில் எனக்கு வியப்பில்லை.

இனி உங்கள் கூட்டத்துக்கு வருவோம். முதல் இரண்டு கூட்டங்களில் மூன்று யோசனைகள் கட்டாயம் வரும் என்பதால், அவற்றின் எல்லையை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. நகரமே கடுமையான துப்பாக்கிச் சட்டம் போட வேண்டும் என்று ஒருவர் சொல்வார். நியாயமான ஆதங்கம்தான், ஆனால் நம் மாநிலமான பென்சில்வேனியாவில் துப்பாக்கி பற்றிய சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலத்துக்கு மட்டுமே உரியது. மாநில உச்ச நீதிமன்றம் 1996-இலும் மறுபடி 2024 நவம்பரிலும் அதை உறுதிசெய்திருக்கிறது. அந்தக் கோரிக்கையை மாநிலத் தலைநகரான ஹாரிஸ்பர்கில் இருக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதமாக எழுதுங்கள். நகரமன்ற உறுப்பினரை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் அதையே பேச வேண்டாம். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் கடைப் பரிசு அட்டை வாங்கிக்கொள்ளும் முகாம் நடத்தலாம் என்று இன்னொருவர் சொல்வார். இறந்துபோன கணவரின் பழைய துப்பாக்கியை என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியில் வைத்திருக்கும் மூதாட்டிக்கு அது உதவும். ஆனால் தெருவில் இன்று இரவு சுடப்போகும் கைத்துப்பாக்கி அந்த மேசைக்கு வருவதில்லை. இத்தகைய முகாம்களால் அமெரிக்க நகரங்களில் துப்பாக்கிச் சூடு குறைந்ததற்கு வலுவான சான்றும் இல்லை. மூன்றாவது கேமரா. வழக்கு நடத்த அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தில் கேமராவைப் பற்றி நாங்கள் நெடுநேரம் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மடக்கு நாற்காலியில் இருந்த ஒரு தாய் எழுந்து, தன் மகன் விழுந்தது இரண்டு கேமராக்களில் பதிவாகியிருக்கிறது என்றும், தனக்கு வேண்டியிருந்ததோ அதற்கு முந்தைய நாள் அந்த இன்னொரு பையனை அழைத்துப் பேசக்கூடிய ஒரு மனிதர்தான் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதன்பின் அன்று கேமராவைப் பற்றி யாரும் பேசவில்லை.

அக்கம்பக்கத்தார் தம் கைகளாலேயே செய்யக்கூடிய, ஆய்வாலும் நிலைநாட்டப்பட்ட வேலை ஒன்று நம் நகரத்திலேயே இருக்கிறது. அது காலி மனைகளைத் துப்புரவாக்குவது. ஃபிலடெல்ஃபியாவில் ஆலைகள் மூடி மக்கள் வெளியேறிய பிறகு, ஒன்றையொன்று ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசையில் பல் விழுந்ததுபோல் ஆயிரக்கணக்கான மனைகள் காலியாயின. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் பிரானஸும் அவருடைய குழுவினரும் 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியில் குப்பையை அகற்றி, மண்ணைச் சமன்செய்து, புல் விதைத்து, சில மரக்கன்றுகள் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். இன்னொரு பகுதியில் குப்பையை அகற்றிப் புல்லை வெட்டியதோடு நிறுத்தினார்கள். மீதியை அப்படியே விட்டார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, வறுமைக்கோட்டுக்குக் கீழிருந்த பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்திருந்தது. ஒரு மனைக்கு ஆன செலவு சுமார் 1,600 டாலர், பராமரிப்புக்கு ஆண்டுக்கு 180 டாலர் அளவில்தான்.

இது எப்படி நடக்கிறது என்று எங்கள் தெருவில் நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் வரிசையின் கடைசி மனையில் ஆள் உயரத்துக்குக் களை வளர்ந்து, நடுவில் நனைந்த மெத்தைகளும் டயர்களும் கிடந்தன. ஒரு சனிக்கிழமை காலை பதினோரு பேர் கையுறை போட்டுக்கொண்டு இறங்கினோம். டயர்களைப் புரட்டியபோது மண்ணோடு மண்ணாக ஏழெட்டு வெற்றுத் தோட்டா உறைகள் கிடைத்தன. காவலர் சோதனைக்குப் பயந்து துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொள்ளாமல் இப்படிப்பட்ட புதரில் ஒளித்துவைப்பது வழக்கம். சண்டை மூண்டால் ஓடிப்போய் எடுக்கப் பத்து வினாடி போதும். புதர் போனதும் ஒளிப்பதற்கு இடம் போயிற்று. வேலி இடுப்பளவுதான், யார் வேண்டுமானாலும் இடைவெளி வழியே நுழையலாம். ஆனால் வண்டியைக் கொண்டுவந்து குப்பை கொட்ட முடியாது. புல் முளைத்த மூன்றாம் வாரம் எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு மாலை முழுக்க அங்கே உட்காரத் தொடங்கினார். ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நடக்கும் பேச்சு, யாருமில்லாத இடத்தில் நடக்கும் பேச்சைப் போல் இருப்பதில்லை. தெருவிளக்கும் இவ்வகையைச் சேர்ந்ததே. நியூயார்க்கில் 2016-இல் பொதுக் குடியிருப்புகளில் குலுக்கல் முறையில் கூடுதல் விளக்குகள் வைத்துப் பார்த்தபோது, இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடும் குற்றங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

சண்டையை விலக்கிவிடும் வேலை மேலும் கடினமானது. அங்கேதான் தன்னார்வலர்கள் தங்கள் எல்லையை உணர வேண்டும். தொற்றுநோய் மருத்துவரான கேரி ஸ்லட்கின், ஆப்பிரிக்காவில் காலராவையும் காசநோயையும் தடுத்த அனுபவத்தோடு சிகாகோ திரும்பி, துப்பாக்கிச் சூடும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது, பழிக்குப் பழி என்ற சங்கிலியை நடுவில் அறுக்க வேண்டும் என்றார். 2000-இல் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் பகுதியில் தொடங்கிய அம்முயற்சியில் பின்னர், தாங்களே அந்த வாழ்க்கை வாழ்ந்து சிறை சென்று திரும்பியவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, பழிவாங்கப் புறப்படுகிறவனைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பைக் கொடுத்தார்கள். சில இடங்களில் நல்ல பலன், சில இடங்களில் பலனில்லை. ஆள் தேர்வும் மேற்பார்வையும் எவ்வளவு கவனமாக நடக்கின்றன என்பதைப் பொறுத்தே அது அமைவதாக நான் நினைக்கிறேன். பால்டிமோரில் இதே வேலையைச் செய்த ‘சேஃப் ஸ்ட்ரீட்ஸ்’ பணியாளர்கள் மூவர் 2021 ஜனவரிக்கும் 2022 ஜனவரிக்கும் இடையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகவே நல்ல மனம் இருக்கிறது என்பதற்காக உங்கள் கூட்டத்திலிருந்து யாரும் இரவில் இரு குழுக்களுக்கு நடுவே போய் நிற்கக் கூடாது. இந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர்களின் தொலைபேசி எண் கூட்டத்தில் எல்லோரிடமும் இருக்க வேண்டும். அவர்களுக்கு நகரம் ஒழுங்காகச் சம்பளமும் காப்பீடும் கொடுக்கிறதா என்று நகரமன்ற உறுப்பினரிடம் கேட்பதே அக்கம்பக்கத்தார் செய்யக்கூடிய பெரிய உதவி.

கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் நகரம் இன்னும் ஒருபடி மேலே போனது. 2007-இல் அந்நகரில் 47 கொலைகள். அவ்வாண்டு டிவோன் பாகன் தலைமையில் காவல்துறைக்குப் புறம்பாக ஒரு தனி அலுவலகத்தைத் தொடங்கி, சுடவோ சுடப்படவோ கூடியவர்கள் என்று தெரிந்த இளைஞர்களைத் தேடிப் போய், தினசரி வழிகாட்டுதல், வேலை, பயணம், ஒழுங்காக முன்னேறினால் மாதம் 1,000 டாலர் வரை உதவித்தொகை என்று கொடுத்தார்கள். குற்றவாளிக்குப் பணமா என்று எழுந்த கோபம் எனக்குப் புரிகிறது. 2019-இல் வந்த ஓர் ஆய்வு, அத்திட்டத்துக்குப் பின் துப்பாக்கியால் நேரும் சாவுகளும் மருத்துவமனை வருகைகளும் பாதிக்கும் மேல் குறைந்ததாகவும், துப்பாக்கியில்லாத வன்முறை ஓரளவு கூடியதாகவும் காட்டியது. அடிதடி கூடி, சாவு குறைந்திருக்கிறது. பத்தொன்பது வயதுப் பையனைப் பறிகொடுத்த தெருவில் நிற்கும் ஒருவர் இந்தக் கணக்கை எப்படிப் பார்ப்பார் என்று உங்களுக்கே தெரியும். பதினாறு பதினேழு வயதினருக்கு இதைவிட எளிய வழி கோடை வேலை: சிகாகோவில் 1,634 மாணவர்களைக் கொண்டு நடத்திய சோதனையில், எட்டு வாரக் கோடை வேலை கிடைத்தவர்கள் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது அடுத்த பதினாறு மாதங்களில் 43 விழுக்காடு குறைவாக இருந்தது. உங்கள் பகுதியில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் யாரேனும் இருந்தால் ஜூன் மாதத்துக்கு முன்பே அவர்களிடம் பேசுங்கள்.

துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு செய்ய வேண்டியவற்றையும் கூட்டத்தில் பேச வேண்டும். இது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. ஃபிலடெல்ஃபியாவில் சுடப்பட்டவர்களைக் காவலர்களே ரோந்து வண்டியில் தூக்கிப்போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழக்கம் 1980-களிலிருந்து உண்டு; அவசர ஊர்திக்குக் காத்திருப்பதைவிட அது விரைவானது. ஆனால் அந்தக் காவலர் வருவதற்குள் கழியும் மூன்று நான்கு நிமிடங்கள் தெருவில் இருப்பவர்கள் கையில்தான். டெம்பிள் பல்கலைக்கழக மருத்துவமனை ‘ஃபைட்டிங் சான்ஸ்’ என்ற பெயரில், காயத்தை எப்படி அழுத்துவது, கைகாலில் இரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கெட் பட்டையை எவ்வளவு உயரத்தில் எவ்வளவு இறுக்கிக் கட்டுவது என்று குடியிருப்பாளர்களுக்கே கற்றுக்கொடுத்தது. பயிற்சி பெற்ற நால்வர் ஒவ்வொரு தெருவிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, பறிகொடுத்த குடும்பம். இறுதிச் சடங்குச் செலவு, மருத்துவச் செலவு, இழந்த ஊதியம் ஆகியவற்றுக்கு மாநில அரசின் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டு நிதி உண்டு. ஆனால் படிவங்களை நிரப்பும் நிலையில் அந்த வீட்டில் யாரும் இருப்பதில்லை. உங்களைப் போல் அலுவலகத் தாள்களோடு பழகிய ஒருவர் அந்தத் தாயின் சமையலறை மேசையில் ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் அது முடிந்துவிடும். 2001 டிசம்பரில் வண்டி நிறுத்தும் இடத்துக்கான தகராறில் மகனை இழந்த டாரதி ஜான்சன்-ஸ்பைட் 2003-இல் இதே நகரத்தில் தொடங்கிய ‘மதர்ஸ் இன் சார்ஜ்’, பிள்ளையை இழந்த தாய்மாரை இன்னொரு தாயே தேடிப் போய்ப் பார்க்கும் அமைப்பு. துக்கத்தில் துணை கிடைப்பது அந்த வீட்டுத் தம்பி பழிவாங்கப் புறப்படுவதைத் தடுக்கும் வழியுமாகும்.

கூட்டத்தில் யாரும் எடுக்கத் தயங்கும் பேச்சு ஒன்று இருக்கிறது. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். தெருமுனையில் சத்தம் கேட்டால் எல்லோரும் கூடுகிறோம். வீட்டுக்குள் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறோம். துப்பாக்கி வைத்திருக்கும் அண்டைவீட்டாரைக் குற்றவாளிபோல் பார்க்காமல், தோட்டாவை அகற்றிப் பூட்டி வைத்திருக்கிறீர்களா, உங்கள் வீட்டில் யாரேனும் மனம் உடைந்திருந்தால் கொஞ்ச காலம் வேறிடத்தில் வைக்க முடியுமா என்று கேட்கும் பழக்கத்தைக் கூட்டம் உருவாக்கலாம். நம் பிள்ளைகள் நண்பர்கள் வீட்டுக்கு விளையாடப் போகும்போதும் இதைக் கேட்கலாம். ஒவ்வாமை பற்றிச் சொல்வதுபோல் இதையும் சாதாரணமாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இலவசத் துப்பாக்கிப் பூட்டுகளைக் காவல்துறையும் மருத்துவமனைகளும் பல இடங்களில் தருகின்றன; ஒரு பெட்டி வாங்கிவந்து கூட்டத்தின் வாசலில் வைத்துவிடுங்கள், யார் எடுத்தார்கள் என்று குறிக்க வேண்டாம்.

இவை எல்லாவற்றிலும் நான் அஞ்சுவது சலிப்பைத்தான். பாஸ்டனில் கொலைகள் குறைந்ததும் 2000-ஐ ஒட்டி அந்தக் கூட்டு வேலை கலைந்தது; சில ஆண்டுகளில் துப்பாக்கிச் சூடு மறுபடி ஏறியது; 2007-இல் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் 2012-இல் தொடங்கிய இதே வகைத் திட்டம், அங்கும் தேவாலயத்தார் வெள்ளி இரவுகளில் நடந்த நடையோடு சேர்ந்து, துப்பாக்கிக் கொலைகளைச் சுமார் 31 விழுக்காடு குறைத்ததாக 2019-இல் மதிப்பிடப்பட்டது. அதன்பின் நகரம் அதைப் படிப்படியாகக் கைவிட்டதை 2024-இல் வந்த தணிக்கை அறிக்கை வெளிப்படையாகவே சொன்னது. அந்த இடைவெளியில் ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே கொல்லப்பட்டார்கள். நம் நகரத்தில் 2021-இல் 562 ஆக இருந்த கொலைகள் 2024-இல் 269 ஆகக் குறைந்திருக்கின்றன. நாடு முழுவதும் குறைந்த காலம் அது, எந்த ஒரு திட்டமும் அந்தப் பெருமையைத் தனக்கே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இப்போதுதான் கூட்டங்களுக்கு ஆள் வருவது குறையத் தொடங்கும்.

நாம் வெளியாட்கள், நமக்கு என்ன உரிமை என்ற உங்கள் தயக்கத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1990-களின் இறுதியில் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் சுட்டுக்கொண்டவர்கள் நம் பிள்ளைகள்தான். போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்களின் பையன்கள் இரு கும்பல்களாகப் பிரிந்து, தேநீர்க் கடை வாசல்களில் ஒருவரையொருவர் தேடிச் சுட்டார்கள். அப்போது பல பெரியவர்கள் அது நம் குடும்பத்துப் பிள்ளைகள் இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ‘கனடியன் தமிழ் யூத் டெவலப்மென்ட் சென்டர்’ என்ற அமைப்பைத் தொடங்கி அந்தப் பையன்களிடம் போய்ப் பேசியவர்கள் அவர்களைவிடச் சில வயதே மூத்த தமிழ் இளைஞர்கள். அந்த வரலாறு தெரிந்தவர் யாரும் உங்கள் தெருவின் கறுப்பினத் தாய்மாரின் துயரத்தை வேறொருவர் விவகாரமாகப் பார்க்க மாட்டார். முதல் கூட்டத்தில் நீங்கள் பேசாவிட்டாலும் பரவாயில்லை. பெயரைச் சொல்லி, எந்த வீடு என்று சொல்லி, நாற்காலிகளை மடக்கி வைக்க உதவிவிட்டு வாருங்கள். அடுத்த கூட்டத்துக்கும் தவறாமல் போங்கள்.

போகும் வழியில் அந்த மெழுகுவத்திகள் இருக்கும் விளக்குக் கம்பத்தில் ஒரு எண் ஒட்டியிருக்கும். விளக்கு எரியவில்லை என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நகர நிர்வாகத்தின் சேவை எண்ணான 311-க்கு அழைத்துச் சொல்லும்போது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.